பாறைத் தோட்டத்தில் கொலம்பைன் ஏன் அழுகுகிறது?

உரமும் தண்ணீரும் தவறாமல் தந்தும் செங்கொலம்பைன் என்ற பூச்செடி இரண்டாம் ஆண்டிலேயே அழுகிவிட்டது என்கிறீர்கள். அந்தக் கவனிப்புதான் சிக்கல். அக்விலேஜியா கனடென்சிஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்தச் செடி, கிழக்கு வட அமெரிக்காவின் காட்டோரங்களிலும் பாறை இடுக்குகளிலும் தானாக வளர்வது. வேர் ஈரத்தில் ஊறுவதை மட்டும் பொறுக்காது. மண்ணில் சிறு கற்களையும் பருமணலையும் தாராளமாகக் கலந்து, நீர் தேங்காத சரிவில் வையுங்கள். மிகவும் வளமான மண்ணில் இலை கொழிக்கும், தண்டு சாயும், ஆயுளும் குறையும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும்.

விதையைப் புதைக்காதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும், அதற்கு முன் சில வாரக் குளிரும் வேண்டும். இலையுதிர் காலத்தில் மேலாகத் தூவிவிட்டால் மற்றதைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். முதல் ஆண்டில் பெரும்பாலும் பூக்காது. வளர்ந்த செடியைப் பிடுங்கி இடம் மாற்றுவது, என்னைக் கேட்டால், வீண்வேலை. ஆழமாக இறங்கிய வேர் அறுந்துவிடும்.

இலையில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தால் அது இலைத்துளைப்பான் புழு. அழகு கெடும், செடி சாகாது. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும், மருந்து வேண்டாம்.

ஒரு செடி சில ஆண்டுகளே வாழும். ஆகவே காய்களையெல்லாம் வெட்டிவிடாமல் சிலவற்றை வெடிக்க விடுங்கள். கல்லிடுக்கில் கன்றுகள் தானே முளைக்கும். அருகில் வேறு கொலம்பைன் வகை இருந்தால் மட்டும் கலப்பினக் கன்றுகள் வரக்கூடும்.