மூளைக் கட்டியும் சிங்க்ரோட்ரான் கதிரும்: கேள்வி பதில்

கதிர்வீச்சு மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, பாளையங்கோட்டையில் வசிக்கும் நம் உறுப்பினர், மூளைக் கட்டிக்குச் சிங்க்ரோட்ரான் என்னும் வளைய முடுக்கியின் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தும் ஆய்வு பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

அம்பாசமுத்திரம் சகோதரி: எங்கள் அத்தானுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிங்க்ரோட்ரான் முறை வரும்வரை நிறுத்தி வைக்கலாமா, ஐயா?

நிறுத்தக் கூடாது, அம்மா. அறுவைக்குப் பின் 30 தவணைகளில் 60 கிரே கதிர்வீச்சு (கிரே என்பது திசு ஏற்கும் கதிரின் அலகு), அதனோடு டெமோசோலோமைடு மாத்திரை என்னும் முறை 2005 முதல் உலகெங்கும் அடிப்படைச் சிகிச்சையாக இருந்து வருகிறது. நான் எழுதப்போவது ஆய்வு நிலையில் உள்ளது. அதற்காக ஒரு தவணையைக்கூடத் தவறவிட வேண்டாம்.

வள்ளியூர் ஆசிரியர்: இந்த முறையின் அடிப்படை என்ன?

எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் வளையத்துக்குள் ஓடவிட்டுக் காந்தத்தால் வளைக்கும்போது, அவை உமிழும் செறிந்த ஒளியே சிங்க்ரோட்ரான் கதிர். சிகிச்சைக்கு அதிலுள்ள எக்ஸ் கதிர் பயன்படுகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானின் வளையச் சுற்றளவு 844 மீட்டர். அங்கே கிடைக்கும் கற்றை ஏறக்குறைய விரியாமல் செல்வதால், சீப்பைப் போன்ற பல பிளவுத் தடுப்பின் வழியே அதைச் செலுத்தி, 25 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள மெல்லிய கீற்றுகளாக, 200 முதல் 400 மைக்ரான் இடைவெளி விட்டுப் பிரிக்க முடிகிறது. கீற்றின் பாதையில் நூற்றுக்கணக்கான கிரே விழும். இடைவெளியில் சில கிரே மட்டுமே.

இத்தனை கதிரை மூளை எப்படித் தாங்கும் என்ற ஐயம் நியாயமானது. 1960களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டியூட்ரான் (கன ஹைட்ரஜனின் அணுக்கரு) கற்றையை எலி மூளையில் செலுத்தியவர்கள், 1 மில்லிமீட்டர் அகலக் கற்றையில் 140 கிரே திசுவை அழித்ததையும், 25 மைக்ரான் கற்றையில் 4000 கிரே கொடுத்தும் பாதையிலிருந்த செல்கள் மட்டுமே மடிந்து திசு குலையாமல் நின்றதையும் கண்டார்கள். அந்தக் கருத்தை 1992இல் டேனியல் ஸ்லாட்கினும் அவருடன் ஆய்ந்தவர்களும் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிருக்குப் பொருத்தினார்கள். இடைவெளியில் பழுதின்றி நிற்கும் செல்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அண்டைப் பழுதைச் செப்பனிடுகின்றன என்பதும், கட்டியின் குழாய்கள் முதிராதவையாதலால் அவற்றுக்கு அந்த ஆற்றல் குறைவு என்பதும் இன்றைய முதன்மையான விளக்கம். எலிகளையும் பன்றிக்குட்டிகளையும் அடுத்து, மூளைக் கட்டி வந்த வளர்ப்பு நாய் வரை இது சென்றிருக்கிறது.

திசையன்விளை அன்பர்: அண்ணாச்சி, இது எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?

எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாகக் கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

நெல்லைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்: 844 மீட்டர் வளையம் எதற்கு? நம் மருத்துவமனைகளில் உள்ள லினாக் என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் முன்னால் அந்தச் சீப்புத் தடுப்பை வைத்தால் போதாதா?

போதாது. லினாக்கின் எக்ஸ் கதிர் மில்லியன் வோல்ட் அளவிலானது. அது திசுவில் கிளப்பிவிடும் எலக்ட்ரான்கள் மில்லிமீட்டர் கணக்கில் ஓடி, காப்பாற்ற வேண்டிய இடைவெளியையே நிரப்பிவிடும். அதைவிட ஆற்றல் மிகக் குறைந்த, 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய கதிரில் அவை பெரும்பாலும் சில பத்து மைக்ரான்களுக்குள் நின்றுவிடுகின்றன.

அதே பேராசிரியர்: அப்படியானால் சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயே அந்த ஆற்றலைத் தருமே!

ஆற்றலைத் தரும், செறிவைத் தராது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளை சற்றே அசைகிறது. கதிர் பாய்ச்ச நிமிடக் கணக்கில் ஆனால், கீற்றுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான கிரே தரும் சிங்க்ரோட்ரான், அசைவு பெரிதாவதற்குள் வேலையை முடிக்கிறது.

மீண்டும் அவரே: ஆக, இது ஏழை நாடுகளுக்கு எட்டாத ஆடம்பரம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை. சிங்க்ரோட்ரான் கருத்தைச் சோதிக்கும் களம். அங்கே தேறியதைச் சிறிய கருவிக்குக் கொண்டுவருவதே அடுத்த வேலை. ஜெர்மனியின் மியூனிக் நகரில், எலக்ட்ரான்களை மெல்லிய கோடாகக் குவிக்கும் எக்ஸ் கதிர்க் குழாயை அதற்காகவே உருவாக்கி வருகிறார்கள். பொறியியலாளர்கள் கைவைக்க வேண்டிய இடம் அதுதான், பேராசிரியரே. உலோகம் உருகாமல் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பதே அங்குள்ள தலைவலி.

தென்காசி அன்பர்: இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்?

திசையன்விளை அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ராதாபுரம் வாசகர்: கூடங்குளத்தில் இதைச் செய்ய முடியாதா?

முடியாது. அது யுரேனியப் பிளவால் இயங்கும் அணு உலை. இது மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும் எலக்ட்ரான் வளையம். உலை நல்லதா கெட்டதா என்ற வழக்கை வேறோர் இடத்தில் பேசலாம்.

சங்கரன்கோவில் வாசகி: அயோடின் மருந்து கொடுத்துச் செய்வதாகக் கேள்விப்பட்டேனே?

அது வேறு முறை. மனிதர்கள் வரை வந்ததும் அதுதான். ஸ்கேனுக்குப் பயன்படும் அயோடின் மருந்தை நரம்பில் ஏற்றினால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு கட்டியின் பகுதியில் சிதைந்திருப்பதால், அது கட்டிக்குள் கசிந்து சேர்கிறது. 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் பாய்ச்சும் ஒற்றை ஆற்றல் கதிரை அயோடின் மிகுதியாக உறிஞ்சுவதால் கட்டிக்குள் கதிரளவு கூடுகிறது. கிரெனோபிளில் 2012இல், வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டிகளுக்காக நோயாளிகளிடம் இதன் பரிசோதனை தொடங்கியது. கற்றை நிலையானது, ஆகவே நோயாளியை நாற்காலியில் அமர்த்தி, நாற்காலியைச் சுழற்றினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அயோடினை வாங்கிக் குடிக்கக் கூடாது. முன்பு நடந்த ஒரு கேள்வி நேரத்துக்குப் பின் அப்படியும் ஒருவர் கேட்டார்.

பாளையங்கோட்டை அன்பர்: சென்னையில் புரோட்டான் சிகிச்சை இருக்கிறதே, அதுதானே இது? இல்லையென்றால் இது எங்கே கிடைக்கும்?

அதுவன்று. சென்னையில் 2019இல் வந்த நிலையம் சைக்ளோட்ரான் என்னும் முடுக்கியால் புரோட்டான்களை முடுக்கி, அவற்றையே உடலுக்குள் செலுத்துகிறது. இங்கே வளையத்தில் ஓடும் எலக்ட்ரான் உடலுக்குள் வருவதில்லை, அது உமிழும் எக்ஸ் கதிரே வருகிறது. இரண்டாம் கேள்விக்கு மூன்றாம் முறை விடை சொல்ல மாட்டேன்.

சேரன்மகாதேவி மாணவி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இத்துறைக்கு எப்படி வருவது, சார்?

இந்தூரில் உள்ள இண்டஸ்-2, 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரான். அங்கே சிகிச்சை இல்லை, ஆனால் எக்ஸ் கதிர்ப் படமெடுப்புக்குத் தனிக் கற்றைவழி உண்டு. மருத்துவமனைப் பக்கம் வர விரும்பினால், எம்.எஸ்சி. முடித்தபின் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள், மகளே. கதிரளவியலை இப்போதே ஊன்றிப் படியுங்கள். 50 மைக்ரான் கீற்றுக்குள் விழும் கதிரை நம்பகமாக அளப்பதே இத்துறையில் இன்னும் ஆள் தேவைப்படும் வேலை.