கடலும் கடலையும்: பள்ளித் தின்பண்டங்களும் ஒவ்வாமையும் – கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பள்ளிகளுக்குச் சென்று உணவு ஒவ்வாமையைப் பற்றிப் பேசி வருகிறேன். அந்தக் கூட்டங்களில் எழுந்த கேள்விகளுக்கு அங்கே நேரமில்லாமல் சுருக்கமாகச் சொன்ன பதில்களை இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தாய்: என் ஏழு வயது மகனுக்கு நிலக்கடலை சேராது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, "கடலைத் தொடாதே, கடலைப் பக்கமே போகாதே" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அவன் கடற்கரைக்கே வர மறுக்கிறான். அவனுடைய அப்பா படகில் ஏறினால் அழுகிறான். சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை, அக்கா.

முதலில் அவனோடு சேர்ந்து சிரியுங்கள்; பிறகு அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கடலில் கால் நனைக்க விடுங்கள். பிள்ளையின் காதில் பிழையில்லை. நம் மொழியில் கடல் என்ற சொல் 'ஐ' உருபு ஏற்றாலும் கடலைதான்; வறுத்துப் பொட்டலம் கட்டினாலும் கடலைதான். ஆனால் அவன் குழம்பிய இதே சொல்லில் பெரியவர்களும் குழம்புகிறார்கள் என்பதால், இதைச் சிரித்துவிட்டு மட்டும் விட எனக்கு மனமில்லை.

கடலைப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை ஆகிய மூன்றும் கொண்டைக்கடலையிலிருந்து வருபவை. கடலை மிட்டாய், கடலை எண்ணெய் என்னும் இரண்டும் நிலக்கடலையிலிருந்து வருபவை. "இதில் கடலை இருக்கிறதா?" என்று கேட்டால், சமையற்காரர் எந்தக் கடலையை நினைத்துப் பதில் சொல்கிறார் என்பது கேட்டவருக்குத் தெரியாது. நான் அறிந்த ஒரு சிறுமிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலை ஓராண்டு முழுவதும் மறுத்துவிட்டு, நிலக்கடலை சேர்த்து அரைத்த இட்லிச் சட்னியை மட்டும் யாரும் கேள்வி கேட்காமல் ஊற்றிவந்தார்கள். இரண்டு முறை உதடு வீங்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. ஆகவே வீட்டிலும் பள்ளியிலும் 'நிலக்கடலை' என்று முழுச் சொல்லையும் சொல்லப் பழகுங்கள். சட்னி, புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிக்சர் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நிலக்கடலை மறைந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்.

ஏர்வாடியிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளியில் ஒரே ஒரு மாணவிக்கு இந்த ஒவ்வாமை இருக்கிறது. பள்ளி முழுவதற்கும் கடலை மிட்டாயைத் தடை செய்யலாமா? சில பெற்றோர், "ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிற சத்தே அதுதான்" என்று கோபப்படுகிறார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. அந்த விலைக்கு அவ்வளவு புரதம் தரும் தின்பண்டம் நம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் வேறில்லை. நமக்கு அருகிலுள்ள கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். இன்னொரு பக்கம், அதே மிட்டாயின் ஒரு துணுக்கு அந்த மாணவியின் மூச்சை நிறுத்திவிடவும் கூடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பள்ளிகள் நிலக்கடலையை வாசலிலேயே தடுத்துப் பார்த்தன. பள்ளிகளுக்காக 2021இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், ஒட்டுமொத்தத் தடையைவிட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும், மாணவருக்குத் தனி அவசரத் திட்டம் எழுதி வைப்பதையும், கடும் ஒவ்வாமைக்கான மருந்தாகிய அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்திருப்பதையுமே பரிந்துரைக்கின்றன. தடை இருக்கிறது என்ற நம்பிக்கையில் கண்காணிப்புத் தளர்ந்துவிடும் என்பதுதான் என் அச்சமும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், பால் ஒவ்வாமை இருந்த ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி 2003இல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டு இறந்துபோனாள். அவள் கேட்டது பாதுகாப்பான பண்டத்தைத்தான். பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் அதை எடுத்ததே காரணம் என்று கருதப்பட்டது. அதன் பிறகு அந்த மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வாமைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடுக்கியும் கரண்டியும் கையும் செய்வதை எந்த அறிவிப்புப் பலகையும் தடுக்காது.

வாசனையைப் பற்றியும் பயப்படுகிறார்கள். கடும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளை நிலக்கடலை வெண்ணெயை முகரச் செய்து 2003இல் ஒரு சோதனை நடந்தது. ஒருவருக்கும் மூச்சுத் திணறல் வரவில்லை. பக்கத்து வரிசைப் பையன் கடலை தின்பதால் அந்த மாணவிக்கு ஆபத்து இல்லை. அவன் கழுவாத கையோடு அவளுடைய தட்டைத் தொடுவதில்தான் ஆபத்து. சோப்பும் தண்ணீரும் அந்தப் புரதத்தைக் கழுவிவிடும். வெறும் தண்ணீரோ கைக்கிருமிநாசினித் திரவமோ கழுவாது. ஆகவே உங்கள் பள்ளிக்கு நான் சொல்வது இதுதான்: மாணவியின் வகுப்பில் மட்டும் கடலைப் பண்டம் வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் எல்லாரும் சோப்பால் கை கழுவட்டும், எச்சில் பண்டம் பகிர்வதை நிறுத்துங்கள். கூடவே, அவளைத் தனி மூலையில் உட்கார வைக்காதீர்கள். தனியாகச் சாப்பிடும் பிள்ளை சீக்கிரமே தன் நோயை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

கீழக்கரையிலிருந்து ஒரு பாட்டி: பேரனின் வகுப்புக்குத் தொதல் கொடுத்தனுப்ப ஆசை. அதில் கடலை இல்லை, முந்திரிதான் போடுவேன். அனுப்பலாமா?

அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் தோள் நோகக் கிண்டி எடுக்கும் அந்தப் பண்டத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்ததற்கே உங்களுக்கு நன்றி, உம்மா. தேங்காயால் நிலக்கடலை ஒவ்வாமைக்காரர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. ஆனால் முந்திரி தனியாகவே கடும் ஒவ்வாமை தரக்கூடியது; நிலக்கடலை சேராத பிள்ளைகளில் சிலருக்கு முந்திரியும் சேராது. முந்திரி போடாமல் ஒரு சட்டி கிண்டி, அதற்கென்று தனி அகப்பையும் தனிப் பாத்திரமும் வைத்து, என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள். கடையில் வாங்கும் பொட்டலப் பண்டங்களில் நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா முதலியவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வீட்டுப் பண்டத்துக்கு அந்த வேலையை உங்கள் சீட்டு செய்யட்டும்.

சாயல்குடியிலிருந்து ஒரு மாணவன்: நான் தவுன் கொண்டுபோனால், "பனங்கொட்டைக்குள் இருக்கிற பஞ்சைத் தின்கிறான்" என்று நகரத்திலிருந்து வந்த பையன்கள் சிரிக்கிறார்கள். கடலை சேராத என் நண்பன் தவுன் தின்னலாமா?

சிரிப்பவர்களுக்கு ஒரு துண்டு கொடு, தம்பி; மறுநாள் அவர்களே கேட்பார்கள். மண்ணில் புதைத்த பனங்கொட்டை முளைவிட்டு, கிழங்கு முற்றுவதற்கு முன்பு, உள்ளே திரளும் அந்த வெள்ளைச் சோறு முளைக்கும் கன்றுக்காகப் பனை சேர்த்து வைக்கும் உணவு. நிலக்கடலை பயறு வகையைச் சேர்ந்த செடி. பனைக்கும் அதற்கும் உறவே இல்லை. உன் நண்பன் தவுனும் தின்னலாம், நுங்கும் தின்னலாம், அவித்த பனங்கிழங்கும் தின்னலாம். வெட்டும் அரிவாளும் வைக்கும் தட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

தொண்டியிலிருந்து ஒரு மீனவர்: வாசனையால் ஒன்றும் வராது என்று கூட்டத்தில் சொன்னீர்கள். ஆனால் வீட்டில் இறால் வேகும்போதே என் மகளுக்கு இளைப்பு வருகிறது. போன மாதம் சூரை மீன் சாப்பிட்ட எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் முகம் சிவந்துபோனது. இதெல்லாம் ஒவ்வாமைதானா?

நீங்கள் கேட்ட இரண்டும் வெவ்வேறு. நான் சொன்னது நிலக்கடலையின் வாசனையைப் பற்றி. இறாலும் மீனும் வேகும்போது அவற்றின் புரதம் ஆவியோடு சேர்ந்து காற்றில் கலக்கும். அதைச் சுவாசித்தால் சிலருக்கு உண்மையாகவே இளைப்பு வரும். கரையோரத்தில் வாழும் நமக்கு நிலக்கடலையைவிட இது நெருக்கமான செய்தி. மகளை இறால் சமைக்கும் இடத்திலிருந்து விலக்கி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஒவ்வாமை வருவது மிக அரிது. பனிக்கட்டி போதாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் கானாங்கெளுத்தியிலும் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடுவதும் இதே பொருள்தான் என்பதால் அறிகுறிகள் ஒன்றுபோல் இருக்கின்றன. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. இதற்கும் மருத்துவம் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் மீனை மறுக்கத் தேவையில்லை.

மண்டபத்திலிருந்து ஓர் இளம் தந்தை: எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வயதுவரை கடலையே காட்டக் கூடாது என்கிறாரே என் மாமியார்?

உங்கள் மாமியார் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000இல் அறிவுறுத்தி, 2008இல் அதைக் கைவிட்டது. அதே 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு மிகுதியாக இருந்தது. இஸ்ரேலில் பிள்ளைகள் கைப்பிடித்து உட்காரும் வயதிலேயே 'பம்பா' என்ற நிலக்கடலைப் பொரியைச் சப்பிப் பழகுகிறார்கள். இதைச் சோதிக்க லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது: தோல் சோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கும், சிறு வயதிலிருந்தே உண்டவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் மட்டுமே ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது.

உங்கள் குழந்தைக்குத் தோலில் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால், மருத்துவரைப் பார்த்துச் சோதித்த பிறகே தொடங்குங்கள். இல்லையென்றால், திட உணவு பழகிய பின் மையாக அரைத்த நிலக்கடலையைக் கஞ்சியில் சிறிது கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கடலையை மட்டும் சிறு குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். அது மூச்சுக்குழலில் சிக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகர்: செக்கில் ஆட்டிய நிலக்கடலை எண்ணெய் நல்லதுதானே?

மற்றவர்களுக்கு நல்லதே. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆகாது. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறத்தாழ நீங்கிவிடும், செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தாய்: மகளுக்குத் திடீரென்று உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அத்தை "காணாக்கடி" என்று சொல்லி வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுக்கிறார். தடுக்கலாமா?

வெறும் தோல் தடிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதனால்தான் வெற்றிலைக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் தடிப்போடு குரல் கம்முதல், இளைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வாயில் எதையும் கொடுக்காதீர்கள். வீங்கும் தொண்டையில் மிளகும் வெற்றிலையும் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கான மருந்து அட்ரினலின் மட்டுமே. அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், சிறுவர்களுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மிகாமல் போடுவார்கள். உங்கள் மகளுக்கான அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஊசி போட்டதும் 108க்கு அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள்; மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். அத்தையிடம் கோபப்பட வேண்டாம். அறிகுறிகளை அவரிடமே சொல்லிக்கொடுங்கள். வீட்டில் பிள்ளையின் அருகில் அதிக நேரம் இருப்பவர் அவர்தானே.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர்: மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தைப் பள்ளியில் வைத்திருக்கிறோம். எங்கள் ஊர் வெயிலில் அது கெடாதா?

நல்ல கேள்வி, ஐயா. பலர் இதைக் கேட்பதே இல்லை. அந்த மருந்துக்கு வெளிச்சமும் வெப்பமும் ஆகா, உறைபனியும் ஆகாது. ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பீரோவை விட்டுவிட்டு, காற்றோட்டமான நிழலில், தண்ணீர் நிறைந்த பெரிய மண்பானைக்குள் மூடிய பெட்டியை நனையாமல் வைக்கும்படி ஒரு தாங்கி அமையுங்கள். பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லாதீர்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து பாருங்கள்: தண்ணீர்போல் தெளிவாக இருந்தால் சரி, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தாலும், காலாவதித் தேதி கடந்திருந்தாலும், அன்றே புது மருந்து வாங்குங்கள். பார்த்த தேதியைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வையுங்கள்.