முதல் முறையாகச் சிறிய ஆல்-இன்-ஒன் ரீஃப் தொட்டி (வடிகட்டி, பம்ப் எல்லாம் பின்னறையிலேயே அமைந்த, பவளமும் கடல்மீனும் வளர்க்கும் தொட்டி) வாங்கப் போகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: சென்னையில் அடுக்குமாடி வீடு, நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் உண்டு, கடல்நீர் புதிது. 20 லிட்டர் க்யூப் ஒன்று பிடித்திருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீரை அங்கிருந்தே எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைப்பது பிராண்டு பெயர்ப் பட்டியல். ரெட் சீ மேக்ஸ் நானோ, ஃப்ளூவல் ஈவோ, இன்னோவேட்டிவ் மரின் ஃப்யூஷன் எல்லாம் நல்ல தொட்டிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஹீட்டர் எத்தனை வாட் என்பது கேள்வி. சென்னையில் சூட்டை எப்படி வெளியேற்றுவது, ஆவியாகும் நீரை எப்படி ஈடுகட்டுவது என்பவைதான் கேள்வி. இந்த இரண்டுக்கும் விடை தொட்டியின் முன்கண்ணாடியில் இல்லை, பின்னறையில் இருக்கிறது. கடைக்குப் போனால் முதலில் தொட்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள்.

முதலில் அளவு. 20 லிட்டர் வேண்டாம். "நான் 10 லிட்டரிலேயே பவளம் வளர்க்கிறேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மைதான். தினமும் உப்பளவு பார்க்கும் அனுபவசாலிகள் அவர்கள். புதியவருக்குக் கணக்கு வேறு. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள 20 லிட்டரில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு கிட்டத்தட்ட 36.8 ஆகிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். 75 லிட்டரில் ஒன்றரை லிட்டர் போனாலும் 35.7 தான். வெயில் காலத்தில் மின்விசிறி வைத்தால் இந்த அளவு ஆவியாவது சாதாரணம். அதனால் நிகர நீர் 70 முதல் 80 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் 110 கிலோவுக்கு மேல் வரும். சாதாரண டீவி ஸ்டாண்டு தாங்காது.

அடுத்து சூடு. நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு என்பதால் மீன் மூச்சு வாங்கும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறிய விசிறி வைப்பது மலிவான வழி. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாவது என்பது சராசரியாக 28 வாட் சூட்டைத் தொடர்ந்து வெளியேற்றுவதற்குச் சமம். நல்ல வழிதான், ஆனால் காற்றில் ஈரம் கூடக்கூட அதன் பலம் குறையும். கடலோர மே மாதத்தில் விசிறியை மட்டும் நம்பி 27-க்குக் கீழே கொண்டுவர முடியாது. அந்த அறையில் பகல் முழுக்க ஏசி ஓடுமா? ஓடும் என்றால் விசிறி போதும். ஓடாது என்றால் 1/15 அல்லது 1/10 குதிரைத்திறன் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வேண்டும். தொட்டி வாங்கும் பணத்திலேயே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோடை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் தொட்டிகள் ஏப்ரலிலேயே காலியாகின்றன. சில்லரை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது கக்கும் சூட்டை அதுவே திரும்ப உறிஞ்சி நிற்காமல் ஓடும்.

இனி பின்னறை. நீர், தடுப்பில் சீப்புப் பல் போல வெட்டிய இடைவெளி வழியாக முதல் அறைக்குள் விழும், அங்கே அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு, அதாவது ஃபில்டர் ஃப்ளாஸ். நடு அறையில் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), ஹீட்டர். கடைசி அறையில் நீரை முன்பக்கம் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். ஆவியாவதால் நீர்மட்டம் இறங்குவது கடைசி அறையில் மட்டும்தான், முன்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் பம்புக்கு மேல் ஒரு லிட்டர்தான் கொள்ளும் என்றால் ஒரு நாள் நீங்கள் வெளியூர் போனாலே பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். மூன்று லிட்டராவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கையை உள்ளே விட்டும் பாருங்கள். விரல் மட்டும் நுழையும் அறையில் பம்பைக் கழற்றிக் கழுவ முடியாது. கழுவ முடியாததை யாரும் கழுவுவதில்லை.

தானாக நீர் நிரப்பும் ஏடிஓ கருவி கட்டாயம் வேண்டும். அதன் சென்சார் கடைசி அறையில் இருக்கட்டும். அது ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். இங்கே ஒரு கோளாறு அடிக்கடி நடக்கும், காரணம் பலருக்குப் புரிவதில்லை. ஃப்ளாஸ் அழுக்கேறி அடைத்தால் கடைசி அறைக்கு நீர் வருவது குறைந்து மட்டம் இறங்கும். ஆவியாகிவிட்டது என்று நினைத்து ஏடிஓ நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும். உப்பு சரியும், முன்பக்கம் விளிம்பு வரை ஏறும். அதனால் ஃப்ளாஸை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏடிஓ வாளி 8 லிட்டருக்கு மேல் வேண்டாம், முழுதும் கொட்டினாலும் சேதம் ஓரளவோடு நிற்கும். வாளி தொட்டியைவிடத் தாழ்வாகவும், குழாயின் நுனி நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நீர் குழாய் வழியே வாளிக்குள் இறங்கிவிடும்.

பெட்டியோடு வரும் பம்ப் மணிக்கு 400, 500 லிட்டர் தள்ளும். மென்பவளத்துக்கே தொட்டி நீரைப் போல் 20 மடங்கு ஓட்டம் தேவை. 75 லிட்டருக்கு 1500. மீதியை ஒரு சிறிய வேவ் மேக்கர் தரும். ஸ்கிம்மரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பின்னறைக்குள் அடங்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் சத்தம் போடும் அளவுக்கு வேலை செய்வதில்லை. இந்த அளவுத் தொட்டியில் வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடும். ஏழரை லிட்டருக்கு சுமார் 285 கிராம் உப்பு, ஆண்டுக்கு 15 கிலோ.

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் அளவு சொல்லிச் செய்வதும் தவறில்லை. 60 × 40 × 40 செ.மீ., 8 மி.மீ. கண்ணாடி, பின்னறை 10 செ.மீ. அகலம் என்று சொல்லுங்கள். தடுப்புச் சுவர் அக்ரிலிக்கில் வேண்டாம். சிலிக்கான் அதைக் கண்ணாடியோடு உறுதியாகப் பிடிக்காது, சில மாதங்களில் உரிந்து வரும். கறுப்புக் கண்ணாடி கேளுங்கள். சில்லர் குழாய் இரண்டு நுழைய விளிம்பில் இடம் விடச் சொல்லுங்கள். பெரிய பிராண்டு தொட்டிகள் பலவற்றில்கூட இது யோசிக்கப்படுவதில்லை. மேலே கண்ணாடி மூடி வேண்டாம், சூட்டைப் பிடித்துவைக்கும். சன்னமான வலை போதும். வலை இல்லாமலும் விடக் கூடாது, ஃபயர்ஃபிஷ் போன்றவை முதல் இரவே குதித்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் பலர் வழுக்கி விழுவது வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில். குடிநீருக்கான இயந்திரங்களில் பல, சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரையோ தாதுவையோ திரும்பக் கலக்கின்றன. மீட்டரில் 60, 80 என்று டிடிஎஸ் (நீரில் கரைந்தவற்றின் அளவு) காட்டும். இங்கே தேவை பூஜ்யம். போர்வெல் நீர் 1000 டிடிஎஸ் என்றால் நல்ல மெம்பரேன்கூட 50 வரைதான் இறக்கும்; அதன்பின் மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று வேண்டும். இதைத் தவிர்த்தால் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து மணல் முழுக்கப் பழுப்புப் பாசி படியும். பிறகு விளக்கின் மேல் பழி போட்டு விளக்கை மாற்றுவார்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி சோதனைத் திரவத்தில் சரிபாருங்கள். வெறும் நீரில் பூஜ்யம் வைத்துச் சரிபார்த்தால் 35 அருகில் பிழை காட்டலாம்.

உலர்ந்த பாறை 7 கிலோ, அரகனைட் மணல் 3 செ.மீ., மீன் கழிவைச் சிதைக்கும் புட்டி பாக்டீரியா. அதற்கு உணவாக அம்மோனியம் குளோரைடு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் மீன். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் மீன்: பண்ணை வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் ஜோடி. பிறகு ஒரு கோபி. அவ்வளவுதான். ப்ளூ டேங் 30 செ.மீ. வரை வளரும், மாண்டரின் உயிருள்ள நுண்ணிரை இல்லாமல் பட்டினி கிடக்கும், டேம்செல் மற்றதை விரட்டியே கொல்லும். கோமாளி மீனுக்கு அனிமோன் தேவையே இல்லை. புதிய தொட்டியில் அது இடம் தேடி நகர்ந்து வேவ் மேக்கருக்குள் சிக்கிச் சிதையும், அதோடு தொட்டி நீரே கெட்டுவிடும்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோவில் "ஒரு துண்டு அக்ரோபோரா (ஒரு கல்பவளம்) வாங்கி ஒட்டுங்கள்" என்பார்கள். இந்தியாவில் கல்பவளங்கள், கடல் விசிறி, கடற்குதிரை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, புலிக்கு உள்ள அதே அட்டவணை. அப்படியிருந்தும் "ராமேஸ்வரம் லைவ் ராக்" என்று, கடலில் எடுத்த உயிருள்ள பாறைக்குக் காதோடு காதாகப் பேரம் நடக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்துத் தேய்ந்த கடல் அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயே விட்டன. "ஒரு கல்தானே, அதனால் என்ன" என்று ஒவ்வொருவரும் சொல்லித்தான் இந்த நிலை வந்தது. அந்தக் கல்லைத் தொட்டியில் வைத்துக்கொண்டு இயற்கை ஆர்வலர் என்று சொல்லிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு ஆறவே ஆறாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உருவாக்கி எத்தனையோ காலம் ஆகிறது. கடலில் பிடித்த மீனை வாங்க இனி நியாயம் இல்லை.

பவளம் என்றால் சோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்வகைகளில் தொடங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு மட்டும் வாங்குங்கள். சோவாந்தஸ் வகைகளில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு கொண்டவை. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

மின்சாரத்துக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேற வேண்டும், வழியும் உப்புநீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். மின்தடைக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப்.

கடல்நீர் எடுப்பது பற்றி: மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் வேண்டவே வேண்டாம், கூவமும் அடையாறும் அங்கேதான் கலக்கின்றன. கோவளத்துக்குத் தெற்கே படகில் உள்ளே போய் எடுத்தது கிடைத்தால் பிப்ரவரி முதல் ஜூன் வரை பயன்படுத்தலாம். இருட்டில் ஒரு வாரம் காற்றுக்குழாயோடு வைத்து, வடிகட்டி, உப்பளந்து பிறகு ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள்களில் கரையோரக் கடலின் உப்பே 30-க்குக் கீழ் இறங்கும், சேறும் கலந்திருக்கும். பிப்ரவரி முதல் ஜூன் தவிர்த்த மாதங்களுக்கு உப்புப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.