அம்மாவுக்குப் புரிய வேண்டியதில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு வாலாஜாபேட்டை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 29. சில மாதங்களாக மனசு சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. ‘நீ எதுக்கும் லாயக்கில்ல, வேலை போகப்போகுது, எல்லாரும் உன்னப் பாத்து சிரிக்கிறாங்க’ என்று மண்டைக்குள் ஒரே ஓட்டம். யூடியூபில் ஒருவர் சொன்னபடி தினமும் காலையில் டைரியில் ‘நான் தகுதியானவன், நான் வெற்றியாளன்’ என்று எழுதுகிறேன். நெகடிவ் எண்ணம் தலைகாட்டினால் அந்த நிமிஷமே வெட்டிவிட வேண்டும் என்கிறார். வெட்ட வெட்ட அதிகமாகத்தான் ஆகிறது. தியானத்துக்கு ஒரு ஆப் போட்டிருக்கிறேன். ஜாதகத்தில் ஏழரை நடக்கிறதாம்.

டாக்டரிடம் போகலாம் என்றால், மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமோ என்று பயம். வீட்டில் அம்மாவும் நானும்தான். சாப்பிடவில்லை என்றால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவருக்கு இதெல்லாம் புரியாது, அதனால் சொல்லவில்லை. எதிர்மறை எண்ணங்களை முழுசாக ஜெயிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். உங்களுக்கு இலக்கியம் அப்படிக் கைகொடுத்திருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மேடம் வேண்டாம், அக்கா போதும். வாலாஜாக்காரர் குடியாத்தத்துக்காரியை மேடம் என்று கூப்பிட்டால் காது கூசுகிறது.

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக நானும் அதைச் சுற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம்.

ஏழரையை விடுங்கள். ஆப் பிடித்திருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் தூக்கிப்போடுங்கள், இரண்டிலும் ஒன்றும் குடி முழுகாது.

அந்த டைரியை மட்டும் இன்றைக்கே மூடிவையுங்கள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சிலரை உட்காரவைத்து, வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்றார். அவர்களுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வெட்டிக்கொண்டிருப்பது அந்தக் கரடியைத்தான். இன்னொன்று 2009இல் வந்தது. ஜோவான் வுட் என்பவரும் அவருடைய சகாக்களும் கனடாவில் செய்த ஆய்வு. ‘நான் அன்புக்குரியவன்’ என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது, ஏற்கெனவே தன்னை மதிக்கிறவருக்கு லேசாக உதவியது. தன்னை மட்டமாக நினைப்பவருக்கு, சொல்லாமல் இருந்ததைவிட மோசமாக்கியது. காரணம் சாதாரணம். ‘நான் வெற்றியாளன்’ என்று கை எழுதும்போதே, ‘எவன் சொன்னது?’ என்று உள்ளே ஒருவன் கேட்கிறான். தினமும் காலையில் அவனைத் தட்டி எழுப்பிவிட்டு ஆபீசுக்குப் போகிறீர்கள்.

முழுசாக ஜெயிக்க வேண்டும் என்று ஏன் இந்தப் பிடிவாதம்? எங்கள் தெருவில் விடிய விடியத் தறிச் சத்தம். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பார்கள், நாங்கள் தூங்குவோம். எங்களுக்குத் தறி நின்றதில்லை, அதற்குக் காது கொடுப்பதுதான் நின்றிருந்தது. கெட்ட எண்ணத்திடமும் அவ்வளவுதான் முடியும் என்று நினைக்கிறேன். ஒருவனுக்கு அது வரவே வராது என்றால் அவன் மேடையேறிப் பேசிக் காசு வாங்குகிறவனாகத்தான் இருக்க வேண்டும்.

மாத்திரை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். உங்களுக்கு மாதக்கணக்கில் ஓடுகிறது. அவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுக்கலாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 போதாமல் போனாலும் மனசு இப்படித்தான் படுத்துக்கொள்ளும். மனச்சோர்வுதான் என்றால், இப்போது வழக்கமாக முதலில் எழுதும் மாத்திரைகள் சாராயம்போல ‘இன்னும் இன்னும்’ என்று இழுப்பவை அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேலாகும். அதற்குள் ‘ஒண்ணும் ஆவல’ என்று நிறுத்துகிறவர்கள் ஒரு ரகம். கொஞ்சம் தெளிந்ததும் தானாகவே நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது என்று மாத்திரையைத் திட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். நிறுத்துவதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை அடிமை என்கிறோமா?

இப்போது அந்த வரி. ‘அவருக்கு இதெல்லாம் புரியாது.’

எதற்குப் புரிய வேண்டும்?

என் அத்தை பீடி சுற்றுவார். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீட்டில் பீடி இருக்கும், சில வீடுகளில் இரண்டும். முதல்நாள் ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைப்பார்கள். காலையில் தகட்டை வைத்து, நரம்பு போக அளவாக வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டால் பேச்சும் வேலையும் சேர்ந்து ஓடும். இலையில் தூளைத் தூவி, இரண்டு விரலில் உருட்டி, வாயை நகத்தால் மடித்து, அடியில் நூல் கட்டி முறத்தில் போடுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. (பீடித் தொழிலுக்கு நான் பாட்டுப் பாடவில்லை. அந்தத் தூள் எங்கள் தெருப் பெண்களுக்குக் கொடுத்த இருமலையும் முதுகுவலியையும் தனியாக எழுத வேண்டும்.)

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். குழந்தையை மடியில் போட்டால் பார்க்கமாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், விரல் மட்டும் வெறும் காற்றைப் பீடியாக உருட்டிக்கொண்டிருக்கும். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் எதிர்வீட்டு வாத்தியார் சத்தம் போட்டு, பாகாயம் சி.எம்.சி. மனநல மருத்துவமனைக்கு இட்டுக்கினு போகச் சொன்னார். அங்கே போனால், நோயாளியை ஒப்படைத்துவிட்டு வர முடியாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்றார்கள். அத்தையின் அம்மா, என் ஆயா, தங்கினார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவதைத் தவிர வேறெங்கும் ராத்தங்காத மனுஷி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு தூக்கில் குழம்பு எடுத்துக்கொண்டு, வேலூரில் இறங்கி பாகாயம் டவுன் பஸ் பிடித்துப் போவேன். ஒருமுறை அப்பா, ‘டாக்டர் இன்னாமா சொல்றாரு?’ என்று கேட்டார். ‘இன்னாமோ சொன்னாருடா, எனுக்கு இன்னா தெரியும்? மாத்திரய முழுங்கனாளான்னு நாக்க நீட்டச் சொல்லி பாக்கச் சொன்னாரு, பாக்கறேன்’ என்றார் ஆயா. அவ்வளவுதான் அவருடைய மனநல அறிவு. தலை வாரிவிடுவார், சோறு பிசைந்து கொடுப்பார், பக்கத்தில் படுப்பார். ராத்திரி எழுந்தால் கூடவே எழுந்து உட்கார்ந்துகொள்வார். ‘எல்லாம் செரியாப்பூடும்’ என்றுகூடச் சொல்லமாட்டார். சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபிறகு, அத்தையின் முறத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆயாவே சுற்ற ஆரம்பித்தார். அவருக்குச் சுத்தமாக வராத வேலை. பீடி தொளதொளவென்று வந்து விழும். கணக்குப்பிள்ளை கழித்துப் போடுவான், கூலியில் பிடிப்பான், மறுநாளும் உட்காருவார். ஒரு மத்தியானம் அத்தை கையை நீட்டி ஒன்றை எடுத்து, ‘தூள் ஒழுவுது பாரு, குடு இங்க’ என்று பிரித்துத் திரும்பச் சுற்றினார். அன்றைக்கு இரண்டோ மூன்றோதான் சுற்றியிருப்பார்.

அதோடு குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறமும் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார், இடையில் ஒருமுறை மறுபடி விழுந்தார், மறுபடி பாகாயம். ஆனால் மகளுக்குக் கல்யாணம் செய்து, பேரன் எடுத்து, மருமகனைக் கரித்துக்கொட்டி, எல்லாரையும்போல வாழ்ந்தார்.

பாகாயத்தில் இந்த வழக்கம் 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. அதே பத்தாண்டில் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற டாக்டர், வார்டில் இடமில்லாமல் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். உலகம் முழுக்க மனநோயாளியைப் பெரிய மதில் கட்டி வீட்டிலிருந்து பிரித்துவைத்த காலம் அது. இங்கே டாக்டரும் நர்ஸும் போதாத குறைக்குத்தான் வீட்டாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. போதாமையில் பிறந்தது என்பதால் நல்லது கெட்டதாகிவிடுமா? எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 நோயாளிகள் தீயில் செத்தார்கள். கொட்டகை பிடித்து எரிந்தபோது அவர்களை அவிழ்த்துவிட வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லை. வீடுகள் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தன.

நீங்கள் அடிக்கடி வேலூர் வருகிறவர்தானே, காந்தி ரோட்டில் நின்று பாருங்கள். கடைக்குக் கடை பெங்காலி எழுத்தில் போர்டு. லாட்ஜில் ரூமோடு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். சாயங்காலமானால் மீன் வறுக்கும் வாசனை. கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிற அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நோயாளியோடு வந்தவர்கள். தமிழ் தெரியாது, ஸ்கேன் ரிப்போர்ட் புரியாது. ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், மறக்காமல் இளநீர் வாங்கிக் கொடுக்கிறார்கள். நீங்களோ வாலாஜாவில் சொந்த வீட்டில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறீர்கள், அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ‘நெகடிவ் எண்ணம்’ என்றால் தெரியாதாம்! கோபமாகத்தான் வருகிறது. உங்களைத் தூக்கி வளர்த்தபோது, ஏன் அழுகிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் புரிந்துகொண்டா தூக்கினார்?

சில வீடுகளில் அம்மாவோ அப்பாவோதான் நோய்க்கே காரணம். அவர்களிடம் போ என்று யாருக்கும் சொல்லமாட்டேன். அங்கே சிநேகிதர், பெரியம்மா, பக்கத்து சீட்டுக்காரர் என்று வேறு ஆளைத்தான் தேட வேண்டும். உங்கள் கடிதத்தில் அம்மாமேல் ஒரு குறையும் இல்லை, சாப்பிடக் கூப்பிடுகிறார் என்பதைத் தவிர.

ஆயா முறத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதற்கும் பின்னாளில் ஆராய்ச்சி வந்தது. 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் மனச்சோர்வு உள்ளவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையையும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரை, எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காமல் நின்றுபோன அன்றாட வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் செய்ய மட்டும் பழக்கினார்கள். முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. மனசு சரியானபிறகு வேலையைத் தொடலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆயுங்கள். பூச்சி அரித்த இலையைச் சேர்த்துப் போட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளுங்கள்.

புத்தகம் கேட்டீர்கள். எனக்கு இலக்கியம் உதவியிருக்கிறது, நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட காலங்களில். இப்போது உங்களுக்கு ஒரு புத்தகத்தையும் சொல்லப்போவதில்லை. முடிக்க முடியாமல் வைத்துவிட்டு, ‘இதுக்கும் லாயக்கில்ல’ என்று அந்த இரண்டு மணிக்காரன் கணக்கில் சேர்த்துக்கொள்வான்.

அந்த நேரத்தில் செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அம்மாவை எழுப்புங்கள், 14416க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்று அரசு நடத்துவது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மற்றபடி இந்த வாரமே ஒருநாள் லீவு போடுங்கள். பாகாயம் செலவாகும் என்று தோன்றினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்மாவிடம் விளக்கவுரை எதுவும் வேண்டாம். ‘ராத்திரியில தூக்கம் வரலம்மா, பயமா இருக்குது, டாக்டர்கிட்ட கூட வா’ என்றால் போதும். அழுவார். யார் கண் பட்டதோ என்பார். எள் தீபம் போடச் சொன்னால் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், அதற்காக அவரோடு சண்டை வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். அவருக்குச் சர்க்கரை இருந்தால் மாத்திரையையும் சாப்பாட்டையும் நீங்களே பார்த்து எடுத்துவையுங்கள், உங்கள் பதற்றத்தில் அவர் மறந்துவிடுவார்.