ஈயத்தை வெளியேற்றும் மூலிகை கேப்சூல் வாங்கலாமா?

கேள்வி: என் கணவர் பேட்டரி பட்டறையில் வேலை செய்கிறார். கொத்தமல்லி, பூண்டு, மஞ்சள் சாறு கலந்த ஒரு கேப்சூல், உடம்பில் ஈயம், பாதரசம் சேராமல் தடுக்கும் என்று விளம்பரம் வருகிறது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் சிறுநீர்ப் பரிசோதனை இலவசமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் அவருக்கு ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள், ஈயத்துக்கு அதுதான் சரியான பரிசோதனை. இலவசச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு சூது உண்டு: உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பிடித்தால் யாருக்குமே அளவு ஏறித்தான் காட்டும், அதைக் காட்டியே அடுத்த டப்பாவையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

மூலிகைச் சாறுகள் பற்றிய நல்ல செய்திகள் பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தவை. ஈயத்தோடு கூடவே சாற்றையும் கொடுத்து, கல்லீரலில் பாதிப்பு குறைந்ததா என்று பார்ப்பார்கள். மனிதர்களில் பூண்டுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2012-இல் வெளிவந்த ஓர் ஈரான் ஆய்வில் கார் பேட்டரி தொழிலாளர்கள் 117 பேரில் ஒரு பாதிக்குப் பூண்டும் மறுபாதிக்கு உலோகத்தை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தும் 4 வாரம் கொடுத்தார்கள், இரண்டிலுமே ஈயம் குறைந்தது. ஆனால் எதுவும் கொடுக்காத குழு என்று ஒன்று அதில் இல்லையே! ஈயத்தோடு புழங்குவதை நிறுத்தினாலே ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும் (எலும்பில் போய்ச் சேர்ந்தது மட்டும் பல வருடம் அங்கேயே கிடக்கும்). 'சாப்பிட்டேன், குறைந்தது' என்று சொல்பவர்களுக்கும் இதுதான் நடந்திருக்கலாம். கொத்தமல்லியைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது போலி மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

இதைவிட மோசம், மண்ணில் இருக்கும் ஈயத்தையும் காட்மியத்தையும் செடியே உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சளில் நிறத்துக்காக ஈய குரோமேட் என்ற ஈயம் கலந்த சாயத்தைக் கலப்பதும் நடக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், அந்த டப்பாவின் பேட்ச் எண்ணுக்கே உரிய ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள், ஒவ்வொரு உலோகத்துக்கும் அளவு எண்ணில் இருக்கவேண்டும். 'நூறு சதவீதம் இயற்கை' என்ற முத்திரையைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஈயம் அதிகமிருந்தால் வேலையிடத்தில் தூசு குறைய வேண்டும், அளவு ரொம்பக் கூடினால் செலேஷன் சிகிச்சை (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து) கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சாப்பாட்டில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறையவிடாதீர்கள், குறைந்தால் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உள்ளே இழுக்கும். அப்புறம், வேலைச் சட்டையில் ஈயத் தூசு ஒட்டி வீட்டுக்கு வரும், அதை மற்ற துணிகளோடு போட்டுத் துவைக்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.