திட்டு வாங்கினால் பணம் வருமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. இணையத்தில் எல்லோரையும் வம்புக்கு இழுத்துப் பேசும் ஒருவரின் ரசிகன். அவர் நடத்தும் மாதக் கட்டணப் பயிற்சியில் சேர்ந்து, படிப்பை விட்டுவிட்டுத் தானும் சேனல் தொடங்கப்போகிறானாம். “நல்ல பேரோ கெட்ட பேரோ, பேர் வந்தால் பணம் வரும்” என்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

பதில்: அன்புச் சகோதரி, தம்பி சொல்வதில் பாதி உண்மை. அதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். கோபமூட்டினால் கூட்டம் சேரும். திட்டுபவர்களும் சேர்ந்துதான் வீடியோவைப் பரப்புகிறார்கள்.

ஆனால் சர்ச்சை முற்றியதும் முதலில் விலகுவது விளம்பரதாரர்கள். அதனால் இவர்கள் ரசிகர்களிடமே நேரடியாக விற்கிறார்கள்: சத்து மாத்திரை, சந்தா, பயிற்சி. பெண்களை இழிவாகப் பேசி இணையத்தில் பிரபலமான ஆண்ட்ரூ டேட் நடத்திய ‘ஹஸ்லர்ஸ் யுனிவர்சிட்டி’ என்ற கட்டண இணையப் பயிற்சியில் புதிய ஆளைச் சேர்த்துவிட்டால் கமிஷன் கிடைத்தது. காசு கட்டிச் சேர்ந்தவர்களே அவருடைய துண்டு வீடியோக்களை ஊரெல்லாம் பரப்பினார்கள். உங்கள் தம்பி கட்டப்போகும் கட்டணம்தான் அவன் வியந்து பார்க்கும் அந்த வசதிக்கு ஊற்று. இதை அவனிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், சேர்த்த பணம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஆகஸ்டில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் எல்லாம் சில நாட்களுக்குள் டேட்டை வெளியேற்றின. 2024 டிசம்பரில், கட்டாத வரிக்காக டேட் சகோதரர்களிடமிருந்து 20 லட்சம் பவுண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள லண்டன் நீதிமன்றம் காவல்துறைக்கு அனுமதி தந்தது.

என்னை அதிகம் உலுக்கியது, சதிக் கதைகள் பேசியே பிரபலமான அமெரிக்க ஒலிபரப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸின் கதை. 2012-ல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதை நாடகம் என்று பல ஆண்டுகள் பேசினார் ஜோன்ஸ். அந்தப் பேச்சைக் கேட்கத் திரண்டவர்களிடம் சத்து மாத்திரைகளை விற்றார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை அந்நியர்கள் துரத்தித் துரத்தி மிரட்டினார்கள். குடும்பங்கள் வழக்குப் போட்டன. 2022 அக்டோபரில் கனெக்டிகட் மாநில நீதிமன்றத்தின் நடுவர் குழு விதித்த இழப்பீடு மட்டும் 96.5 கோடி டாலர். அந்த டிசம்பரிலேயே அவர் திவால் மனு கொடுத்தார். திவாலானாலும் 110 கோடி டாலருக்கு மேலான தொகையைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று 2023-ல் நீதிபதி சொல்லிவிட்டார். வேண்டுமென்றே செய்த தீங்குக்கு அங்கே திவால் சட்டத்தில் அடைக்கலம் கிடையாது. பேசிச் சம்பாதித்ததைவிடப் பேசியதற்கான கடன் பெரிதாகிவிட்டது. அந்தப் பெற்றோர் பட்ட பாட்டுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். 20 வயதில் அது புரியும்.

சேனல் தொடங்குவதைத் தடுக்காதீர்கள். படித்துக்கொண்டே, யாரையும் இழிவுபடுத்தாமல், தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பத்து வீடியோ போடட்டும். அதற்கு யாருடைய பயிற்சியும் வேண்டாம். அந்தக் கட்டணத்தை மூன்று மாதம் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பத்தாவது வீடியோ வந்ததும் அக்காவும் தம்பியுமாக உட்கார்ந்து மறுபடி பேசுங்கள்.