கடும் விமர்சனத்துக்கு நடுவிலும் சில மத அமைப்புகள் எப்படி நிலைக்கின்றன?

நிலைப்பது என்றால் இங்கே, மைய நம்பிக்கையை விடாமல், சிக்கலை இழுத்துவரும் வழக்கத்தை மட்டும் கழற்றிவிடுவது. தூண்களை அப்படியே விட்டு கூரையை மட்டும் மாற்றுவது போல.

கிறிஸ்தவ மரபிலிருந்து கிளைத்த, அமெரிக்காவின் மார்மன் சபையைப் பாருங்கள். பலதார மணத்தை இறைக்கட்டளை என்றே சொல்லிவந்தார்கள். 1887-இல் அரசு சட்டம் போட்டு, சபையின் சொத்திலேயே கைவைத்தது. 1890-இல் தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லி அறிவித்தார். அதன் பிறகு, 1896-இல், மார்மன்கள் நிறைந்த யூட்டா பகுதி அமெரிக்காவின் ஒரு மாநிலமானது. 1978-இல், அதுவரை மறுக்கப்பட்டிருந்த குருத்துவம் (சபையின் சடங்குகளை நடத்தும் தகுதி) கறுப்பின ஆண்களுக்கும் திறந்தது. தலைவருக்குப் புது இறைவெளிப்பாடு வரலாம் என்பது அவர்கள் கோட்பாட்டிலேயே உண்டு (கெட்டிக்கார ஏற்பாடுதான்!). அதனால் மாற்றம் அவர்களுக்குத் தோல்வியாகத் தெரிவதில்லை. அப்புறம், உறவு, நட்பு, கஷ்டகால உதவி எல்லாம் பலருக்கு அங்கேதான்.

இப்படிப்பட்ட அமைப்புகளில் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் மூளைச்சலவை ஆனவர்கள் என்பது சரியல்ல. குறைகள் தெரிந்தே இருப்பவர்களும் உண்டு.